பெயரும் பொருளும்: கட்டளைவரியிற் கோப்புக்களை நீக்குதல் பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

எழுத்துப் பண்பாட்டின் வரலாற்றை ஆராய்வோர் பெரும்பாலும் ஆக்கத்தையே தமது கவனத்திற்குரியதாகக் கொண்டுவந்துள்ளனர். ஒரு நூலை எழுதியவர் யார், அது எவ்வாறு அச்சேறியது, எவர் கைகளுக்குச் சென்றது என்பன போன்ற வினாக்கள் விரிவாக ஆராயப்பட்டிருக்கின்றன. எழுதப்பட்டது எவ்வாறு அழிகின்றது என்ற வினாவோ, ஏடுகளைச் செல்லரித்த கதையாகவும் நூலகங்கள் எரியூட்டப்பட்ட கதையாகவுமே பேசப்பட்டு வந்துள்ளது. அழித்தலும் ஒரு தொழிற்பாடு ஆகும். அதற்கெனக் கருவிகள் உண்டு. அக்கருவிகளை ஆக்கியோரும் கையாள்வோரும் குறிப்பிட்ட சமூக உறவுகளுள் நின்றே அவற்றை ஆக்கியும் கையாண்டும் வந்துள்ளனர். ஆதலின், அழித்தலையும் வரலாற்று நிலைப்படுத்தி நோக்குதல் வேண்டும்.

இன்று எமது ஆய்வேடுகள், கள ஆய்வுப் பதிவுகள், சஞ்சிகைகளின் மின்வடிவங்கள் யாவும் கணினிக் கோப்புக்களாகவே உள்ளன. அவற்றை நீக்குவதற்குப் பல வழிகள் உள. அவற்றுள் மிகப் பழையதும், இன்றும் உலகின் பெரும்பாலான வழங்கிக் கணினிகளிலே நாள்தோறும் கையாளப்படுவதுமான வழி, கட்டளைவரியிலே கட்டளையைத் தட்டச்சிட்டு நீக்குதல் ஆகும். இக்கட்டுரையில் அவ்வழியின் தொழிற்பாட்டை விளக்குவதோடு, ஒரு கோப்பு 'நீக்கப்பட்டது' என்று கூறும்போது உண்மையில் நிகழ்வது யாது, அதனைச் செய்யும் உரிமை எவருக்குண்டு, அதன் விளைவை எவர் சுமக்கின்றனர் ஆகிய வினாக்களுக்கும் விடைகாண முயல்வோம்.

1. வரலாற்றுப் பகைப்புலம்

பயனர் தட்டச்சிடும் கட்டளையை வாங்கி, அதனைப் பகுத்தறிந்து, இயக்க முறைமையிடம் ஒப்படைக்கும் செய்நிரலுக்கு 'ஷெல்' என்று பெயர். இயக்க முறைமையின் கருவைச் சூழ்ந்திருக்கும் ஓடு என்னும் கருத்திலே அப்பெயர் எழுந்தது. அறுபதுகளின் நடுப்பகுதியில், மல்டிக்ஸ் என்னும் பெருந்திட்டத்தோடு தொடர்புடையவராயிருந்த பிரெஞ்சுக் கணினி அறிஞர் லூயி பூசான் இப்பெயரை வழங்கினார். அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடம் 1969ஆம் ஆண்டில் அத்திட்டத்திலிருந்து விலகியது. அதன்பின்னர் அங்குப் பணிபுரிந்த கென் தொம்சன், டெனிஸ் றிச்சி முதலியோர் சிறிய அளவில் உருவாக்கிய இயக்க முறைமையே யுனிக்ஸ் ஆகும். 1971 நவம்பர் 3ஆந் திகதியிடப்பட்ட அதன் முதலாவது கைந்நூலிலேயே 'ஆர்எம்' என்னும் கட்டளை இடம்பெற்றுள்ளது. நீக்குதலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் இரு மெய்யெழுத்துக்களைச் சேர்த்து ஆக்கப்பட்ட பெயர் அது. அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் அக்கட்டளை அதே பெயரோடு வழக்கிலுள்ளது.

அக்கட்டளையின் இரு இயல்புகள் எமது கவனத்துக்குரியன. ஒன்று அதன் குறுக்கம். மற்றையது அதன் மௌனம். கட்டளை நிறைவேறினால் அது யாதொன்றும் கூறுவதில்லை. 'நிச்சயமாக நீக்கவா?' என்று வழமையாகக் கேட்பதுமில்லை. இவற்றை ஆக்கியோரின் தனிப்பட்ட சுவைக்கு உரியனவாக மாத்திரம் கொள்ளுதல் பொருந்தாது. அக்காலத்தில் அவர்கள் கையாண்ட தொலைத்தட்டச்சுப் பொறி ஒரு செக்கனில் பத்து எழுத்துக்களையே தாளில் அச்சிட வல்லது. ஒவ்வொரு மேலதிக எழுத்தும் காலத்தையும் தாளையும் கோரியது. அன்றியும், கருவியை ஆக்கியோரே அதனைக் கையாள்வோராகவும் இருந்தனர். ஒரே கூடத்தில், ஒருவரையொருவர் அறிந்த சிலர் தமக்கென ஆக்கிய கருவி, தன்னைக் கையாள்பவர் யாவுமறிந்தவர் என்று கருதிக்கொண்டதில் வியப்பில்லை.

அக்கருவி அக்கூடத்துக்கு வெளியே சென்ற வரலாறும் பொருளாதார அடிப்படை உடையதே. பெல் ஆய்வுகூடத்தின் உரிமையாளரான ஏரீ அண்ட் ரீ நிறுவனம், ஏகபோகத் தடைச் சட்டத்தின் கீழ் அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில் 1956இல் ஏற்பட்ட இணக்கத் தீர்ப்பினால், தொலைத்தொடர்புக்குப் புறம்பான வணிகத்தில் ஈடுபட முடியாதிருந்தது. எனவே யுனிக்ஸ், அதன் மூலநிரலோடு, மிகக் குறைந்த கட்டணத்தில் பல்கலைக்கழகங்களுக்கு வழங்கப்பட்டது. 1984இல் அந்நிறுவனம் பிரிக்கப்பட்டபோது அத்தடை நீங்கிற்று. யுனிக்ஸ் முழுமையான விற்பனைப் பண்டமாயிற்று. மூலநிரலை உரிமையாளர்கள் மூடத் தொடங்கிய இச்சூழலிலேயே, றிச்சாட் ஸ்டோல்மன் 1983இல் குனூ என்னும் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தை அறிவித்தார். இன்று லினக்ஸ் முறைமைகள் பெரும்பாலானவற்றில் உள்ள 'ஆர்எம்' அவ்வியக்கத்தின் கூட்டுழைப்பால் உருவானதேயாகும்.

இவ்வாறு ஆக்கியோரின் கருவி உலகின் கருவியாயிற்று. ஆயின், அக்கருவி வேண்டிநின்ற அறிவு அதே வேகத்திற் பரவவில்லை. தொழிலின் கருத்துருவாக்கமும் அதன் நிறைவேற்றமும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கப்படுவதே முதலாளித்துவத் தொழில் ஒழுங்கமைப்பின் செல்நெறி என்பதை ஹரி பிரேவர்மன் 1974இல் வெளியிட்ட நூலில் விரிவாக எடுத்துக்காட்டினார். கட்டளைவரியின் ஆபத்துக்கள் எனப் பேசப்படுவனவற்றை இப்பிரிவின் ஒளியிலேயே விளங்கிக்கொள்ளலாம்.

2. நீங்குவது பெயரா, பொருளா?

யுனிக்ஸ் மரபிலே ஒரு கோப்பின் பெயர் அக்கோப்பினுள் இருப்பதில்லை. அடைவு எனப்படுவது ஒரு பட்டியல். அதிலே ஒவ்வொரு பெயருக்கும் நேரே ஓர் எண் குறிக்கப்பட்டிருக்கும். அவ்வெண் 'ஐநோட்' எனப்படும் குறிப்பேட்டைச் சுட்டும். கோப்பின் உரிமையாளர், அளவு, மாற்றப்பட்ட நேரம், அதனைக் கையாளும் உரிமைகள், அதன் உள்ளடக்கம் தட்டின் எப்பகுதிகளில் உள்ளது என்னும் விபரங்கள் யாவும் அக்குறிப்பேட்டிலுள்ளன. பெயர் மாத்திரம் அங்கில்லை. ஒரே ஐநோட்டை இரண்டு அல்லது மூன்று பெயர்கள் சுட்டவும் கூடும். எத்தனை பெயர்கள் தன்னைச் சுட்டுகின்றன என்ற எண்ணிக்கையையும் ஐநோட் பேணிக்கொள்ளும்.

'ஆர்எம்' என்னும் கட்டளை செய்வது, அடைவிலிருந்து அப்பெயரை எடுத்துவிடுவதேயாகும். இயக்க முறைமையிடம் அது விடுக்கும் வேண்டுகோளின் பெயரும் 'இணைப்பை அவிழ்' என்றே பொருள்படும். பெயர் நீங்கியதும் எண்ணிக்கை ஒன்று குறையும். வேறொரு பெயர் எஞ்சியிருப்பின் கோப்பு முழுமையாக உயிர்வாழும். எண்ணிக்கை சுழியமாகி, எந்தச் செய்நிரலும் அக்கோப்பைத் திறந்து வைத்திராத நிலை ஏற்பட்ட பின்னரே அதன் இடம் வெற்றிடமாக அறிவிக்கப்படும். நீக்கப்பட்ட பெருங்கோப்பு ஒன்று பட்டியலிலே தென்படாதிருக்கவும், தட்டில் அதன் இடம் விடுவிக்கப்படாதிருக்கவும் கண்டு வழங்கிகளைப் பராமரிப்போர் மயங்குவதுண்டு. ஏதோவொரு செய்நிரல் அக்கோப்பை இன்னும் பற்றிக்கொண்டிருப்பதே அதற்குக் காரணம்.

இடம் விடுவிக்கப்பட்ட பின்னரும், காந்தத் தட்டுக்களிலே பழைய உள்ளடக்கம், புதியது அதன்மேல் எழுதப்படும் வரை அப்படியே கிடக்கும். 1981இல் வெளிவந்த ஐபிஎம் தனியாள் கணினியின் டொஸ் முறைமையில் இது மேலும் வெளிப்படையாக இருந்தது. ஒரு கோப்பை நீக்குகையில் அதன் பெயரின் முதலெழுத்து மாத்திரம் ஒரு தனிக்குறியால் மாற்றப்பட்டது. 1982இல் பீற்றர் நோட்டன் வெளியிட்ட மீட்புக் கருவி இவ்வியல்பைப் பயன்கொண்டே நீக்கிய கோப்புக்களை மீட்டது.

ஆகவே, நீக்கம் என்று ஒரே சொல்லால் நாம் குறிப்பது மூன்று நிலைகளை உடையது. பெயர் நீங்குதல் முதல்நிலை. இடத்தின்மீதான உரித்து நீங்குதல் இரண்டாம் நிலை. உள்ளடக்கம் நீங்குதல் மூன்றாம் நிலை. கட்டளை நேரடியாகச் செய்வது முதலாவதை மாத்திரமே. பண்டத்தின் மதிப்பு, மனிதரிடையேயான உறவாக இருந்தும், பண்டத்துக்கே உரிய இயல்புபோலத் தோற்றம் தருகின்றது என்பது மார்க்ஸ் 1867இல் வெளியிட்ட மூலதனத்தின் முதற்பாகம் எடுத்துரைக்கும் அடிப்படைக் கருத்துக்களுள் ஒன்று. ஒப்புமையை அளவுமீறி நீட்டுதல் தகாது. எனினும், கோப்பு என்பது தன்னளவில் நிற்கும் ஒரு பொருள் என்ற தோற்றத்தின் பின்னால், பெயர், குறிப்பேடு, இடம், உரிமை ஆகியவற்றின் உறவுத்தொகுதி ஒன்றே உள்ளது என்பதைக் கட்டளைவரி எமக்குக் காட்டிவிடுகின்றது.

இதன் நடைமுறை விளைவு ஆய்வாளருக்குச் சிறிதன்று. காணாமற்போனோரின் உறவினரிடமோ தொழிலாளரிடமோ வாக்குமூலம் பெற்ற ஆய்வாளர், அவர்களின் பெயர்ப்பட்டியலை 'ஆர்எம்' மூலம் நீக்கிவிட்டு அஃது அழிந்ததென அமைதியுறுதல் ஆகாது. உள்ளடக்கத்தின்மேல் வேறு தரவுகளை எழுதி அழிக்கும் 'ஷ்ரெட்' போன்ற கட்டளைகள் உள. ஆயின், இன்றைய திண்மநிலை நினைவகங்கள் புதிய எழுத்தைப் பழைய இடத்திலேயே எழுதுவதில்லையாதலால், அங்கு அவற்றின் பயன் உறுதியற்றது. அதேவேளை, விடுவிக்கப்பட்ட இடங்களை முறைமையின் அறிவித்தலின்பேரில் அந்நினைவகங்கள் தாமாகவே துடைத்துவிடவும் கூடும். எனவே மீட்பையும் நம்பியிருக்க முடியாது. மறைவையும் நம்பியிருக்க முடியாது. நினைவகம் முழுவதையும் தொடக்கத்திலேயே மறைகுறியாக்கி வைத்தலும், வேண்டியவற்றுக்கு வேறிடத்திற் பிரதி வைத்தலுமே தக்க வழிகள்.

3. நீக்கும் உரிமை

இனி, நீக்கும் உரிமை எவருக்குண்டு என்பதை நோக்குவோம். ஒரு கோப்பை நீக்குவதற்கு அக்கோப்பில் எழுதும் உரிமை வேண்டும் என்று பலர் கருதுவர். யுனிக்ஸ் மரபில் அவ்வாறன்று. நீக்கம் என்பது அடைவிலுள்ள பட்டியலைத் திருத்துவதாதலால், அடைவிலே எழுதும் உரிமை உடையவரே நீக்கும் உரிமையும் உடையவராவார். கோப்பை எழுதியவர் ஒருவராகவும், அதிலே ஓரெழுத்தையும் திருத்த உரிமையற்ற மற்றொருவர் அதனை முற்றாக நீக்க வல்லவராகவும் இருத்தல் இதனாற் சாத்தியமாகின்றது. ஆக்கியவனின் உரிமையைவிட அஃது இருக்கும் நிலத்தின் உரிமை மேலோங்கி நிற்கும் இவ்வேற்பாட்டை, குத்தகை விவசாயியின் நிலையை அறிந்த எமது வாசகர்கள் இலகுவில் விளங்கிக்கொள்வர்.

பலரும் எழுதக்கூடிய பொது அடைவுகளில் இவ்வேற்பாடு குழப்பத்துக்கு இடமளித்தமையால், 'ஒட்டுக்குறி' எனத்தகும் ஒரு குறி வழக்கிற்கு வந்தது. அக்குறியிட்ட அடைவில், கோப்பின் உரிமையாளரோ அடைவின் உரிமையாளரோ அன்றி வேறெவரும் அக்கோப்பை நீக்க முடியாது. இவற்றுக்கெல்லாம் மேலாக 'ரூட்' எனப்படும் முதன்மைப் பயனர் உள்ளார். வழமையான உரிமைத் தடைகள் அவரைக் கட்டுப்படுத்துவதில்லை. கட்டளை ஒன்று மறுக்கப்படும்போது, மறுப்பின் காரணத்தை ஆராயாமல் முதன்மைப் பயனரின் அதிகாரத்தோடு அதனை மீண்டும் இடும் பழக்கம் பரவலாக உள்ளது. இது தவிர்க்கப்பட வேண்டியதாகும்.

4. உடுக்குறியும் இடைவெளியும்

பெயர்களை ஒவ்வொன்றாகத் தட்டச்சிடாது தொகுதியாகக் குறிப்பதற்கு உடுக்குறி பயன்படுகின்றது. அது எந்த எழுத்துக்களுக்கும் ஈடாக நிற்கும். இங்கே உற்றுநோக்கத்தக்கது யாதெனில், உடுக்குறியை விரிப்பது ஷெல்லேயன்றி 'ஆர்எம்' அன்று. ஷெல் அக்குறிக்குப் பொருந்தும் பெயர்களையெல்லாம் திரட்டி, ஒரு பட்டியலாக 'ஆர்எம்'மிடம் கொடுக்கின்றது. 'ஆர்எம்' பெறுவது பெயர்களை மாத்திரமே. பயனர் தட்டச்சிட்டது யாதென்பதை அஃது அறியாது.

'.பழையது' என முடியும் கோப்புக்களை நீக்க விரும்பும் ஒருவர் 'ஆர்எம் *.பழையது' என எழுதுதல் வேண்டும். தவறுதலாக உடுக்குறிக்கும் புள்ளிக்குமிடையே ஓர் இடைவெளி விழுந்து 'ஆர்எம் * .பழையது' என்றாகிவிடின், தனித்துநிற்கும் உடுக்குறி அவ்வடைவிலுள்ள கோப்புக்கள் அனைத்தையும் குறிக்கும். புள்ளியில் தொடங்கும் மறைவுக் கோப்புக்கள் மாத்திரம் எஞ்சும். யாவும் நீங்கிய பின்னர், '.பழையது' என்றொரு கோப்பு இல்லை என்ற முறைப்பாடு மாத்திரம் திரையிலே தோன்றும்.

இக்கட்டளையோடு சிறுகோடிட்டுச் சேர்க்கப்படும் எழுத்துக்கள் அதன் போக்கை மாற்றுவன. 'ஆர்' என்னும் எழுத்து, அடைவையும் அதனுள்ளேயுள்ள அடைவுகள் அனைத்தையும் தொடர்ந்து சென்று நீக்கும். 'எஃப்' என்பது கேள்வியையும் முறைப்பாட்டையும் அடக்கும். இவ்விரண்டும் சேர்ந்தால் தடையற்ற அழிவு. 'ஐ' என்பது ஒவ்வொரு கோப்புக்கும் அனுமதி கேட்கும். நூறு முறை கேட்கப்படுபவர் நூறு முறையும் சிந்திப்பதில்லை. விரைவில் 'ஆம்' என்பது இயந்திரத்தனமான பழக்கமாகிவிடும். இதனை உணர்ந்தே குனூ ஆக்கத்திற் பெரிய வடிவிலான 'ஐ' சேர்க்கப்பட்டது. மூன்றுக்கு மேற்பட்ட கோப்புக்கள் நீக்கப்படும்போதும், அடைவுகள் தொடர்ந்து நீக்கப்படும்போதும் ஒரேயொரு முறை அது கேட்கும். கோப்பு முறைமையின் வேராகிய சாய்கோட்டைத் தொடர்ந்து நீக்கும் கட்டளையையும் இன்றைய குனூ ஆக்கம் வழமையாக மறுத்துவிடுகின்றது. வெறுமையான அடைவை மாத்திரம் நீக்கும் 'ஆர்எம்டிர்' என்னும் கட்டளையைப் பழகுதலும், உடுக்குறியோடு கூடிய தொடரை முதலிற் பட்டியலிடும் கட்டளையாகிய 'எல்எஸ்' உடன் சேர்த்து இட்டுப் பார்த்தலும் பயனுள்ளவை. அழிக்கப்போவனவற்றைக் கண்ணாற் கண்ட பின்னரே அழித்தல் வேண்டும்.

5. குப்பைக்கூடையும் 'ஏனைய உருப்படிகளும்'

எண்பதுகளிலே கணினி அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் வந்தபோது, ஆப்பிள் நிறுவனத்தின் லீசா (1983), மக்கின்டொஷ் (1984) ஆகிய கணினிகளின் திரையிலே குப்பைக்கூடையின் படம் தோன்றியது. மைக்ரோசொப்டின் விண்டோஸ் 95 மறுசுழற்சித் தொட்டியைக் கொண்டுவந்தது. கூடையில் இடப்படுவது வேறோர் அடைவுக்கு இடம்மாற்றப்படுகின்றதேயன்றி நீக்கப்படுவதில்லை. பயனரின் தவறுகளை மன்னிக்கும் இவ்வேற்பாடு வரவேற்கத்தக்கதே. எனினும், பெயர், உரிமை, இடம் ஆகியவற்றின் உறவுகளை அது படத்தின் பின்னால் மறைத்துவிட்டது. கூடைக்குப் பழகியவர் கட்டளைவரிக்கு வரும்போது, அங்கும் ஒரு கூடை இருக்குமென எதிர்பார்ப்பது இயல்பு. அங்கு அஃது இல்லை.

2006இல் மைக்ரோசொப்ட் வெளியிட்ட பவர்ஷெல் இவ்விடத்திலே தனியாக நோக்கத்தக்கது. ஜெஃப்றி ஸ்னோவர் 2002இல் எழுதிய திட்ட அறிக்கையிலிருந்து உருவானது அது. அதிலே கட்டளைகள் வினையும் பெயருமாக அமைந்த தொடர்கள். நீக்கும் கட்டளை 'ரிமூவ்-ஐட்டம்', அதாவது 'உருப்படியை நீக்கு' எனப்படும். கோப்பு என்னாது உருப்படி என்றமைக்குக் காரணமுண்டு. பவர்ஷெல்லில் கோப்புக்களும் கோப்புறைகளும் மாத்திரமன்றி, விண்டோஸ் பதிவேட்டின் உட்பிரிவுகள், சூழல் மாறிகள், சான்றிதழ்கள், பயனர் வரையறுத்த சார்புகள், மாற்றுப்பெயர்கள் ஆகியனவும் அடைவில் உள்ளன போலவே அணுகப்படுகின்றன. ஒரே கட்டளை இவையனைத்தையும் நீக்க வல்லது. பொதுமைப்படுத்தலின் ஆற்றலும் ஆபத்தும் இங்கு ஒருங்கே காணப்படுகின்றன. பழைய கடிதமொன்றை நீக்கும் அதே சொல், ஒரு மென்பொருள் இயங்குவதற்கு ஆதாரமான பதிவேட்டுப் பிரிவையும் நீக்கிவிடும். நீக்கப்பட்டவை மறுசுழற்சித் தொட்டிக்குச் செல்வதுமில்லை.

ஆயினும் யுனிக்ஸ் மரபின் 'ஆர்எம்' தராத ஒன்றைப் பவர்ஷெல் தருகின்றது. 'வட்-இஃப்', அதாவது 'செய்தால் என்னாகும்' என்ற தெரிவைச் சேர்த்தால், கட்டளை யாதொன்றையும் நீக்காது, நீக்கப்படவிருப்பன யாவை என்பதை மாத்திரம் அறிவிக்கும். நீக்கும் கட்டளைக்கே இவ்வாறு ஒத்திகை பார்க்கும் வசதி அமைந்தமை குறிப்பிடத்தக்க முன்னேற்றமாகும்.

6. விளைவைச் சுமப்போர்

நீக்கத்தால் நேர்ந்த பெருநட்டங்கள் பற்றிய பேச்சில், 'யார் செய்தது?' என்ற வினாவே முதலில் எழுவது வழக்கம். பொதுவெளியில் நன்கு பதிவாகியுள்ள இரு நிகழ்ச்சிகள் அவ்வினாவின் போதாமையை உணர்த்துவன.

1998இல், அமெரிக்காவின் பிக்சார் படநிறுவனத்திலே 'டொய் ஸ்டோரி 2' என்னும் அசைவூட்டப் படம் உருவாகிக்கொண்டிருந்த வேளையில், எவரோ இட்ட 'ஆர்எம்' கட்டளையொன்று அப்படத்தின் கோப்புக்களை வரிசையாக நீக்கத் தொடங்கியது. இயந்திரம் நிறுத்தப்படுவதற்குள் ஏறத்தாழ 90 சதவீதமான வேலை போய்விட்டது. காப்புப்பிரதிகளும் பழுதுற்றிருந்தமை அதன்பின்னரே தெரியவந்தது. படத்தின் தொழினுட்ப மேற்பார்வையாளர்களுள் ஒருவரான கலின் சுஸ்மன் என்னும் பெண்மணி, அப்போது குழந்தையைப் பெற்றிருந்தமையால் வீட்டிலிருந்து பணிபுரிந்தார். அதற்கென அவர் வீட்டுக் கணினியில் வைத்திருந்த பிரதியே படத்தை மீட்டது. கட்டளையை இட்டவரைத் தேடுவதில் தாம் காலத்தைச் செலவிடவில்லை என்று நிறுவனத்தின் தலைவர்களுள் ஒருவரான எட் கட்முல் பின்னர் எழுதினார். இது பாராட்டத்தக்கதே. ஆயின் கதை அங்கு முடியவில்லை. 2023இல் பிக்சார் 75 பேரைப் பணியிலிருந்து நீக்கியபோது, அவர்களுள் சுஸ்மனும் ஒருவராயிருந்தார். நிறுவனத்தின் காப்பு ஏற்பாடுகள் செய்யத் தவறியதை ஓர் உழைப்பாளியின் வாழ்நிலை தற்செயலாகச் செய்தது. அவ்வுழைப்பாளியின் பெயரோ ஊதியப் பட்டியலிலிருந்து எளிதாக எடுக்கப்பட்டது.

இரண்டாவது நிகழ்ச்சி, 2017 சனவரி 31ஆந் திகதி, மென்பொருள் நிரல்களைப் பேணும் கிட்லாப் நிறுவனத்தில் நேர்ந்தது. இரவிலே தரவுத்தளச் சிக்கலொன்றோடு போராடிக்கொண்டிருந்த பொறியியலாளர், துணை வழங்கியிலே நீக்க எண்ணிய அடைவை முதன்மை வழங்கியிலே நீக்கிவிட்டார். அவர் கட்டளையை நிறுத்தியபோது ஏறத்தாழ 300 கிகாபைற்றில் 4.5 கிகாபைற்றே எஞ்சியது. நாள்தோறும் எடுக்கப்பட வேண்டிய காப்புப்பிரதிகள், மென்பொருட் பதிப்புக்களின் பொருத்தமின்மையால் எடுக்கப்படாமலே இருந்தன; அத்தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் உரியவரைச் சென்றடையவில்லை. ஆறு மணித்தியாலங்களுக்கு முன்னர், அதே பொறியியலாளர் வேறொரு தேவைக்காகத் தம் கையால் எடுத்துவைத்த பிரதியே இறுதியிற் கைகொடுத்தது. நிறுவனம் இவற்றையெல்லாம் ஒளிக்காது வெளியிட்டது.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் கட்டளை தன் பணியைச் செவ்வனே செய்தது. பழுதுற்றது காப்பு ஏற்பாடு என்னும் கூட்டுத் தொழிற்பாடே. பிரதி எடுத்தலும், எடுத்த பிரதி திறக்குமா எனச் சோதித்தலும் புகழோ இலாபமோ தராத பராமரிப்பு உழைப்பு. ஆதலால் அவை இறுதியிடத்துக்குத் தள்ளப்படுகின்றன. நட்டம் நேர்ந்தவுடன் பழி மாத்திரம் தனியொருவரின் விரலுக்கு வந்துசேர்கின்றது. கவனயீனம் என்னும் ஒழுக்கவியற் சொல் ஒழுங்கமைப்பின் குறைபாட்டை மறைக்கும் கருத்துநிலைத் திரையாகிவிடுகின்றது.

7. தமிழ்ப் பெயர்கொண்ட கோப்புக்கள்

எம்மொழியிற் பெயரிடப்பட்ட கோப்புக்களுக்கு இவற்றோடு தனிச்சிக்கல்களும் உண்டு. ஒருங்குகுறியிலே தமிழின் ஒவ்வொரு குறியும், வழங்கிகளில் வழக்கிலுள்ள குறிமுறைப்படி, மூன்று பைற்றுக்களைக் கொள்ளும். 'பல்கலைக்கழகம்' என்ற சொல் எமது கணக்கில் ஒன்பது எழுத்துக்கள். கணினியின் கணக்கிற் பதின்மூன்று குறிகள், முப்பத்தொன்பது பைற்றுக்கள். லினக்ஸின் பெருவழக்கான கோப்பு முறைமைகளில் ஒரு பெயருக்குரிய உச்சவரம்பு 255 பைற்றுக்களாதலால், எண்பத்தைந்து குறிகளோடு தமிழ்ப் பெயர் நின்றுவிடும். ஆங்கிலத்தை அளவுகோலாகக் கொண்டு விதிக்கப்பட்ட வரம்பு இது.

ஓரெழுத்துக்கு ஈடாக வினாக்குறியை இடும் வழக்கமும் அவ்வாறே. 'கி' என்பது ககரமும் இகரக் குறியுமாக இரண்டாதலின், அதற்கு இரண்டு வினாக்குறிகள் வேண்டும். இதனைவிட நுண்ணியது 'கொ' போன்ற எழுத்துக்களின் நிலை. அதன் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம். கொம்பும் காலுமாக இரு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. லினக்ஸ் முறைமை பொதுவாகப் பைற்றுக்களையே ஒப்பிடுமாதலால், 'கொழும்பு' என்ற பெயரில் இரு வெவ்வேறு கோப்புக்கள் ஒரே அடைவில் அருகருகே இருத்தல் கூடும். ஒன்றை நீக்க எண்ணி மற்றையதை நீக்கவும், கண்முன் தெரியும் கோப்பு 'இல்லை' என்ற மறுமொழியைப் பெறவும் இதனால் நேரும். பாடபேதங்களை ஒப்புநோக்கிப் பழகிய பதிப்பாசிரியருக்கு இது புதிய வடிவில் வந்த பழைய பிரச்சினையே. இவ்வாறான வேளைகளிற் பெயரைத் தட்டச்சிடாது, ஐநோட் எண்ணைக் கொண்டு கோப்பை இனங்கண்டு நீக்குதலே பாதுகாப்பானது. பெயர் ஏமாற்றும்போது எண் துணைநிற்கும்.

இவை சிறு தொழினுட்பச் செய்திகளல்ல. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கும் பிரதியற்ற ஏடுகளும் ஆவணங்களும் அவற்றுள் அடங்கும். 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலக முயற்சி முதலாக, எமது எழுத்துச் செல்வத்தை மின்வடிவிற் பேணும் பணி பெரும்பாலும் தன்னார்வக் கூட்டுழைப்பாலேயே வளர்ந்துள்ளது. நூலகத்தை அழிப்பதற்கு நெருப்பும் அதனை ஏவிய அரசியலும் தேவைப்பட்டன. மின்வடிவத் தொகுப்பொன்று அழிவதற்குப் பகை தேவையில்லை. ஓர் இடைவெளி போதும். ஆயின், அதே தொழினுட்பம் பிரதியெடுத்தலையும் முன்னெப்போதும் இல்லாதவாறு எளிதாக்கியுள்ளது. பல இடங்களிற் பிரதிகள் வாழுமாயின் எந்தத் தனிக்கட்டளையும் அதனை அழிக்க வல்லதன்று.

8. முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன இவை. கட்டளைவரியில் நீக்குதல் என்பது பொருளின் அழிவன்று. பெயருக்கும் பொருளுக்குமிடையேயான உறவை அறுத்தல். அவ்வுறவை அறுக்கும் உரிமை, ஆக்கியோரிடத்தன்றி இடத்தை ஆள்வோரிடத்தே உள்ளது. அதன் பாதுகாப்பு தனிமனித விழிப்பிலன்றிக் கூட்டுப் பராமரிப்பிலே தங்கியுள்ளது. கருவியை அஞ்சி ஒதுங்குதலோ, குப்பைக்கூடையின் படத்தை நம்பியிருத்தலோ தீர்வாகா. கருவியின் உள்ளியல்பை அறிதலும், அவ்வறிவு தொழினுட்பர் சிலரின் தனியுடைமையாகாது அனைவர்க்கும் உரியதாகத் தாய்மொழியிலே வழங்கப்படுதலும் வேண்டும். எமது பல்கலைக்கழகங்களின் மொழித்துறைகளிலே ஏட்டுச் சுவடியைக் கையாளும் பயிற்சி அளிக்கப்படுவதுபோல, மின்கோப்பைப் பெயரிடல், பிரதியெடுத்தல், பிரதியைச் சோதித்தல், நீக்குதல் ஆகியவற்றிலும் பயிற்சி அளிக்கப்படுதல் இன்றியமையாதது. எதனைப் பேணுவது, எதனை நீக்குவது என்ற தீர்மானம், கருவியின் உரிமையாளரிடமன்றி அதனால் நினைவுகூரப்படும் மக்களிடம் இருத்தற்கு அப்பயிற்சி முதற்படியாக அமையும்.